அன்னையைக் காண ஓடிய சிறுவர்கள்

மேல்நாடுகளுக்குப் பயிலச் செல்லும் மாணவர் அங்குள்ள கோட்டைகளையும் அரண்மனைகளையும் காண விழைவது இயல்பு. இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரில் நான் கல்வி கற்ற நாட்களில், எங்கள் வகுப்பினர் ஒருநாள் காணச் சென்றதோ ஒரு பழைய நூற்பாலை.

நகருக்குத் தெற்கே, ஸ்டயல் என்னும் சிற்றூரில், பாலின் ஆற்றின் கரையில் நிற்கிறது குவாரி பேங்க் ஆலை. 1784-ஆம் ஆண்டு சாமுவேல் கிரெக் என்னும் வணிகர் இதனை நிறுவினார். ஆற்றுநீர் சுழற்றிய பெருஞ்சக்கரமே அந்நாளில் இயந்திரங்களை இயக்கியது. 1939-இல் கிரெக் குடும்பத்தார் இதனை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்திற்கு அளித்தனர். 1959-இல் வணிக உற்பத்தி நின்றது. இன்று இது அருங்காட்சியகம். எங்களுக்காகச் சில தறிகளை ஓட்டிக் காட்டினார்கள். அப்பேரிரைச்சலில் அருகில் நின்றவர் பேசியதும் செவியில் விழவில்லை.

ஆயினும் என் உள்ளத்தைத் தொட்டது, ஆலைக்குச் சற்று அப்பால் உள்ள சிறுவர் இல்லமே. 1790-இல் கட்டப்பட்ட அவ்வில்லத்தில் ஏறத்தாழ 90 பிள்ளைகள் வாழ்ந்தனர். ஏழையர் விடுதிகளிலிருந்து ஒப்பந்தம் எழுதி அனுப்பப்பட்டவர் பலர். ஒன்பது, பத்து வயதில் வந்தவரும் உண்டு. ஓடும் இயந்திரங்களின் அடியில் தவழ்ந்து பஞ்சுக் கழிவைப் பொறுக்குவதும், அறுந்த இழைகளை இணைப்பதும் அவர்களது வேலை. நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் உழைப்பு. உணவும் உடையும் உறைவிடமுமே அதற்கு ஈடு.

உண்மையைச் சொல்வதானால், அக்காலத்து ஆலை முதலாளிகள் பலரினும் கிரெக் நல்லவர் எனப் பெயர் பெற்றவர். பிள்ளைகளுக்கென மருத்துவரை அமர்த்தினார். எழுத்தறிவு புகட்டவும் ஏற்பாடு இருந்தது. ஞாயிறுதோறும் அவர்கள் வில்ம்ஸ்லோ ஆலயத்திற்கு நடந்து சென்று வழிபட்டனர்.

அவ்வாறிருந்தும் 1806-இல் இரு சிறுவர்கள் அங்கிருந்து ஓடினர். ஒருவன் பதின்மூன்று வயது தாமஸ் பிரீஸ்ட்லி. இயந்திரத்தில் சிக்கி விரல் ஒன்றை இழந்தவன். மற்றவன் பதினேழு வயது ஜோசப் செஃப்டன். நெடுந்தொலைவிலுள்ள லண்டன் மாநகரை நோக்கிப் புறப்பட்டார்கள். பிடிபட்டு நடுவர்முன் நிறுத்தப்பட்டபோது இருவரும் அளித்த வாக்குமூலங்கள் இன்றும் உள்ளன. கொடுமைக்கு அஞ்சி ஓடியதாக அவர்கள் கூறவில்லை. திரும்பிச் செல்லவும் இசைந்தனர். தாயைக் காண வேண்டும் என்ற ஆவலே அவர்களை ஓடச் செய்தது.

இதைக் கேட்டபோது எங்கள் குழுவில் எவரும் பேசவில்லை. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்து, தாயைப் பிரிந்து வாழ்ந்த மாணவர்கள் அல்லவா நாங்கள்! ஆயினும் எங்களுக்குக் கடிதம் உண்டு, தொலைபேசி உண்டு. படிப்பு முடிந்தால் வீடு திரும்பலாம் என்ற உறுதியும் உண்டு. அச்சிறுவர்களுக்கு இருந்தவை இரு கால்கள் மட்டுமே.

பெற்றோரே, பிள்ளைகளின் நலன் கருதி அவர்களை விடுதிகளில் சேர்க்கிறோம், தொலைவூர்களுக்கு அனுப்புகிறோம். தேவையானவற்றையெல்லாம் வாங்கித் தந்துவிட்டோம் என்று நிறைவும் கொள்கிறோம். வேளைதோறும் உணவு பெற்ற சிறுவனும் தாய்முகம் தேடி ஓடினான் என்பதை மறவாதிருப்போம். விடுமுறை வரும்வரை காத்திராமல், இவ்வாரமே ஒருமுறை நேரில் சென்று அவர்களைக் கண்டு வருவோம்.