தட்டருகே ஒரு தராசு

எங்கள் சேவூரில் நெசவாளரிடம் பட்டு நூலை நிறுத்தே கொடுப்பார்கள். நெய்து வந்த சேலையையும் நிறுத்தே வாங்குவார்கள். எனக்குச் சர்க்கரை நோய் கண்டபின், சோற்றுக்கும் ஒரு தராசு தேவையாயிற்று.

நீங்களும் வாங்குவீர்களானால், 1 கிராம் வரை காட்டுவதும், பாத்திரத்தின் எடையைக் கழிக்கும் பொத்தான் உடையதுமானதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1 கிலோ உப்புப் பொட்டலத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். நிறுக்கப்போவது அரிசியையா சோற்றையா என்பதையும் முன்னரே தீர்மானியுங்கள். 50 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 150 கிராம் சோறாகிவிடும்.

நானோ முதலில் பரிமாறியதை நிறுத்து உண்டேன். மறுசோற்றுக்குக் கரண்டியே அளவாயிற்று. வீட்டில் இருவகை அளவு கூடாது என்னும் உபாகமம் 25ஆம் அதிகாரத்தைப் பிரசங்கித்தவன்தான் நான்! மூன்று மாதம் கழித்து வந்த இரத்தப் பரிசோதனை முடிவை மனைவியிடம் காட்டவே கூசினேன். இப்போது அவர் தராசை அடுப்படியில் வைப்பதில்லை. என் தட்டருகே வைக்கிறார்.