ஆட்டுக் காசில் ஒரு மலைப் பயணம்

பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கு மே மாசம்னா லீவு. கரிசக்காட்டுச் சம்சாரிக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா நாங்க அதை லீவுன்னு சொல்றதில்லை, சும்மா இருக்கிறதுன்னு சொல்லுவோம். மாசியோட வெள்ளாமை முடிஞ்சிரும். அப்புறம் புரட்டாசியில விதைக்கிற வரைக்கும் புஞ்சை வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கும். வாயைப் பிளந்துக்கிட்டுன்னா நிசமாவே. கோடையில எங்க கரிசல்ல விழுற வெடிப்புக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விடலாம். ஒரு கோடை மழை விழுந்தா உழுது போடணும், அது ஒண்ணுதான் வேலை. மழை விழணுமே.

கல்யாணம் ஆன நாள்லயிருந்து என் வீட்டுக்காரி ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தா. மூணாறுக்கு ஒருதடவை கூட்டிட்டுப் போங்கன்னு. சுற்றுலா ஆசையில கேட்கலை. அவ சித்தி அங்கே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிச்சவங்க. எட்டு வயசில ஒரு பள்ளிக்கூட லீவுக்கு இவ அங்கே போய் லயத்தில் ஒரு மாசம் இருந்திருக்கா. அந்தக் குளிரையும் கறுப்புத் தேயிலைத் தண்ணியையும் பத்தி என்கிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருக்கா. நானும் முப்பத்திரண்டு வருஷமா "அடுத்த வருஷம் போவோம்"னு சொல்லிட்டேன். பருத்தி விலை விழுந்த வருஷம், மழை பொய்த்த வருஷம், பையன் காலேஜ் சேர்ந்த வருஷம், மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருஷம். காரணத்துக்கா பஞ்சம்? இதுக்கிடையில சித்தி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, லயத்துவீட்டைக் காலி பண்ணிட்டு ஊருக்கு வந்து, அவங்க காலமும் முடிஞ்சு போச்சு.

போன சித்திரையில் ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வந்து என் மடியில ஒரு பொட்டணத்தைப் போட்டா. 17,500 ரூபாய். ரெண்டு கிடாயை வித்திருக்கா. ஆடு எல்லாம் அவளோடது, அதில் நான் வாய் வைக்க முடியாது.

"ஏ பிள்ள, என்ன இது?"

"போக்குவரத்துச் செலவுக்கு. இனி எனக்கு முட்டி ஏறாதுங்க. இந்த வருஷம் போகலைன்னா விடுங்க, கேட்க மாட்டேன்."

கேட்க மாட்டேன்னு சொன்னா பாருங்க, அது எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு.

பையன் வாங்கிப் போட்டிருக்கிற பழைய ஆல்டோவில் கிளம்பினோம். ஏசி வேலை செய்யாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024லிருந்து இ-பாஸ் எடுக்கணும், மூணாறுக்கு அது இல்லைன்னு பையன் பார்த்துச் சொன்னான். ஒரு பையில துணி, ஒரு பையில கோவில்பட்டி கடலைமிட்டாய் நாலு பாக்கெட். யாருக்குன்னு கேட்டேன். "யாராவது இருப்பாக" என்றாள்.

சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, தேனின்னு போனோம். சின்னமனூர் தாண்டியதும் கம்பம் பள்ளத்தாக்கு. என்னைப் போல மானாவாரிக்காரன் அந்த வழியே போகவே கூடாதுங்க, வயிறெரியும். நெல்லு, வாழை, தென்னை, பன்னீர் திராட்சைப் பந்தல். மேற்கே பாய்ஞ்சு கேரளாவுக்குப் போற பெரியாற்றுத் தண்ணியை மலைக்குள்ள சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பினதால வந்த பச்சை அது. அணை முடிஞ்சது 1895ல். லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தில் வண்டியை நிறுத்தினோம். அந்த ஊர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு அவர் பேரையே வைக்கிறாங்க. ஒரு மலையைக் குடைஞ்சு தண்ணி கொண்டுவந்தவனுக்குப் பொங்கல் வைக்கிறதில் என்ன தப்பு? எங்க கோவில்பட்டிக்குக் குடிக்கிற தண்ணியே தாமிரபரணியில சீவலப்பேரியிலயிருந்து வரணும்.

அன்னைக்கு ராத்திரி குமுளியில தங்கல். காலையில தேக்கடிப் படகு. ஏரிக்குள்ள கறுப்புக் கறுப்பா மொட்டை மரங்கள் நிக்குது. அணை கட்டித் தண்ணி ஏறினப்போ மூழ்கின காட்டு மரங்களாம், நூத்திமுப்பது வருஷமா அப்படியே நிக்குது. எல்லாரும் யானைக்காகக் கண்ணைத் துருத்திக்கிட்டு இருந்தாங்க. யானை வரலை. கரையில் ஒரு கூட்டம் வந்துச்சு. படகு முழுக்க எந்திரிச்சு செல்போனைத் தூக்கிட்டாங்க.

காட்டுப் பன்னி.

பதினஞ்சு உருப்படி இருக்கும். குட்டியும் குருமானுமா மண்ணைக் கிண்டிக்கிட்டு இருந்துச்சு. என் புஞ்சையில ரெண்டு ஏக்கர் மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் சாய்ச்சுட்டுப் போன அதே ஜாதி. ராக்காவல் படுத்து, தகரம் தட்டி, கலர்ச் சேலை கட்டி, எதுக்கும் அசையாத பய. அவனைப் பார்க்க டிக்கெட் எடுத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டிட்டு உட்கார்ந்திருக்கேன். பக்கத்தில் ஒரு சென்னைக்காரப் பொண்ணு "சோ க்யூட்" என்றது. என் வீட்டுக்காரி சேலைத் தலைப்பை வாயில வச்சு அமுக்கிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்து ரொம்ப நாளாச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். அங்கே அந்தப் பன்னி மேய்ஞ்சதைப் பார்க்கையில் கோபம் வரலை. அதுக்கு அங்கே இடம் இருந்துச்சு. எங்க பக்கம் அதுக்கு இருக்கிறது வேலிக்கருவேலங்காடும் என் மக்காச்சோளமும்தான். கோபம் ஊருக்கு வந்ததும் திரும்பிருச்சு, அது வேற.

பூப்பாறை வழியா மூணாறு போய்ச் சேர மத்தியானம் ஆயிருச்சு. ஊரே கார்க் கூட்டம். சித்தி இருந்த லயத்தைத் தேடினோம். எஸ்டேட் பேரு மட்டும்தான் இவளுக்குத் தெரியும். ரெண்டு மூணு இடத்தில் விசாரிச்சு ஒரு பிரிவுக்குப் போனால், இவ நினைப்பில் இருந்த வரிசை வீடு, வாசல் குழாய், கோயில் எதுவும் பொருந்தலை. அம்பது வருஷக் கதை, எப்படிப் பொருந்தும்? இவ முகம் சுண்டிப் போச்சு. திரும்பலாம்னு வண்டியைத் திருப்பும்போது, விறகுக் கட்டோட வந்த ஒரு அம்மா நின்னு, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டாங்க. பேச்சைக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு, நம்ம பக்கம். கயத்தாத்துக்காரங்க. பாட்டி காலத்தில் மலையேறினவங்க. ஊருக்குக் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வருவாங்களாம்.

உங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமோ என்னவோ. மூணாறு தேயிலைக் காட்டில் வேலை செய்றவங்கள்ல பெரும்பாலும் தமிழங்க. கயத்தாறு, கோவில்பட்டி, சங்கரன்கோவில்னு மழை இல்லாத சீமையிலயிருந்து கங்காணிமார் கூட்டிட்டுப் போன சனத்தோட பேரப்பிள்ளைங்க. 2015ல் போனசைக் குறைச்சதுக்காக ரோட்டில் உட்கார்ந்து மூணாறையே நிறுத்தினது அந்தப் பொம்பளைங்கதான். போட்டோவில் நீங்க பார்க்கிற அந்தப் பச்சைக் கம்பளம் எங்க ஊர்ப் பஞ்சம் விரிச்சது.

அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சு, கறுப்புத் தேயிலைத் தண்ணி கொடுத்தாங்க. வீட்டுக்காரி ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரையே பார்த்துக்கிட்டு இருந்தா. "இதேதாங்க" என்றாள். ஒரு பாக்கெட் கடலைமிட்டாயை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தாள். அப்புறம் மெதுவா, பெட்டிமுடி பக்கம் உங்க சனம் யாரும் இருந்தாங்களான்னு கேட்டாள்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. மலை சரிஞ்சு பெட்டிமுடியில் நாலு வரிசை லயத்தைத் தூக்கிட்டுப் போயிருச்சு. 70 பேர். பெரும்பாலும் கயத்தாறு வட்டாரத்துச் சனம். மழையில மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரமும் செத்துக் கிடந்தது. நடந்தது வெளியே தெரியவே மறுநாள் காலையாச்சு. அது கொரோனா ஊரடங்கு நேரம். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேணும். கயத்தாற்றில் ஒவ்வொரு வீட்டிலும் ஒப்பாரி கேட்டுக்கிட்டு இருந்த அந்த வாரம் எனக்கு மறக்காது.

"எங்க பெரியம்மா மக குடும்பம்" என்றாங்க அந்த அம்மா. "அஞ்சு பேரு. ராஜமலையிலதான் அடக்கம்." அதுக்கு மேல அவங்களும் சொல்லலை, நாங்களும் கேட்கலை. கிளம்பையில் ஒரு பொட்டணம் தேயிலைத் தூள் கொடுத்தாங்க. காசு கொடுக்கப் போனேன், வீட்டுக்காரி கையைப் பிடிச்சிட்டா.

மூணாம் நாள் காலையில் இரவிகுளம் தேசியப் பூங்கா. நம்ம வண்டியை விடமாட்டாங்க, அவங்க பஸ்ஸில்தான் ராஜமலைக்குப் போகணும். வரையாடு குட்டி போடுற காலம்னு மாசி, பங்குனி வாக்கில் பூங்காவை மூடி வச்சிருவாங்க. மே மாசம் போனா குட்டிகளைப் பார்க்கலாம். பார்த்தோம். ரோட்டோரத்துப் பாறையில் ஆளைச் சட்டை பண்ணாம மேய்ஞ்சுது. நம்ம மாநில விலங்கு, பார்க்கிறதுக்குக் கேரளாவுக்கு வந்திருக்கோம். அந்தப் பக்கம் ஆனமுடி, 2,695 மீட்டர், மேகம் மூடிக்கிட்டு.

என் வீட்டுக்காரி வரையாட்டை ஏறஇறங்கப் பார்த்தா. சந்தையில் கிடாய் பார்க்கிற மாதிரி. "தாடி இல்லை, கொம்பும் பின்னாடி வளைஞ்சிருக்கு. இது வெள்ளாட்டுச் சாதி இல்லைங்க." வீட்டுக்கு வந்து பையன் இணையத்தில் தேடிச் சொன்னான். மரபணுவைப் பார்த்த ஆராய்ச்சிக்காரங்களும் இது செம்மறிக்குத்தான் நெருங்கின சொந்தம்னு சொல்லியிருக்காங்களாம். அவ அதுக்கு ஒண்ணும் ஆச்சரியப்படலை.

கீழே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அங்கே இருந்த பணியாளர்கிட்ட, பெட்டிமுடி எந்தப் பக்கம்னு கேட்டா. அவர் கையைக் காட்டினார். மலை மடிப்புதான் தெரிஞ்சுது, வேற ஒண்ணும் தெரியலை. எல்லாரும் ஆட்டோட செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. இவ அந்தப் பக்கமா முகத்தை வச்சுக்கிட்டு நின்னா. பஸ் வந்து கூப்பிடுற வரைக்கும் நான் பக்கத்தில் போகலை.

திரும்பறது மறையூர், சின்னாறு, உடுமலை வழி. மறையூரில் கரும்பு ஆலையில் உருண்டை வெல்லம் ரெண்டு கிலோ வாங்கினோம். அதைத் தாண்டினதும் பச்சை சட்டுனு அறுந்துருச்சு. மலை மேகத்தை மேற்கேயே கறந்துட்டு விடுது, இந்தப் பக்கம் மழை மறைவு. சின்னாறு சரணாலயத்தில் முள்ளும் கள்ளியும் காய்ஞ்ச புல்லுமா இருக்கு. அனல் காத்து கண்ணாடி வழியா அடிச்சுது. மூணு நாளா ஸ்வெட்டருக்குள்ள சுருண்டு கிடந்தவ, "அப்பாடா, நம்ம ஊரு மாதிரி இருக்கு" என்று தலைப்பை உதறி உட்கார்ந்தா.

மொத்தச் செலவு 11,400. மீதியை எண்ணி அவகிட்ட கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர ராத்திரி பதினொண்ணு. விளக்கைக் கூடப் போடலை, டார்ச்சை எடுத்துக்கிட்டு நேரே கொட்டத்துக்குப் போய் ஆட்டை எண்ணினா. மூணு நாளா ஆட்டைப் பார்த்துக்கிட்ட பக்கத்து வீட்டுப் பயலுக்குக் காலையில் வெல்ல உருண்டையும் நூறு ரூபாயும் கொடுத்தா. பெட்டை ஒண்ணு சினை பிடிச்சிருக்கு போலன்னு அவன் சொன்னான். தேயிலைத் தூளை மட்டும் யாருக்கும் கொடுக்கலை. சாயங்காலத்தில் எனக்குப் பால் காப்பி போட்டுட்டு, அவ தனியா பால் இல்லாம ஒரு டம்ளர் போட்டுக்கிறா.

வைகாசி கடைசியில் ஒரு உழவு மழை விழுந்துச்சு. டிராக்டருக்குச் சொல்லியிருக்கேன்.