பாட்டனார் வைத்த நிறம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் கேட்டபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு துறைபற்றி நான் எழுதுவேனென்றே அவர் எதிர்பார்த்திருப்பார். தமிழாசிரியனுக்கு அதுவே முறை. ஆயினும், 2021 முதல் 2024 வரை என் மாலைப்பொழுதுகளைக் கவர்ந்துகொண்டது ஏடன்று, ஒரு லொறி. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பெற்ற பயிற்சியும், நான் கற்ற தமிழும் ஒரு லொறிக்கு உதவுமென்று கனவிலும் கருதியவனல்லேன். அவை உதவிய விதத்தையே இங்குச் சொல்லப் புகுந்தேன்.

அந்த லொறி என் பாட்டனாருடையது. அவருக்கு முன் அது பிரித்தானியப் படைக்கு உரியதாயிருந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்ரர் ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிப் பகுதிக்குக் கொண்டுவந்தார். இத்தீவு பெரும் படைத்தளமாயிற்று. படையோடு ஊர்திகளும் வந்திறங்கின. 1945இற் போர் ஓய்ந்தபின் மிகுந்து நின்றவை விலைக்கு வந்தன. கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகச் சரக்கேற்றும் தொழில் செய்த பாட்டனார், பாட்டியின் நகைகளை அடகுவைத்து 1947இல் ஒன்றை வாங்கினார்.

அது ‘பெட்போட்’ இனத்தது. இங்கிலாந்தின் லூட்டன் நகரத்து வொக்சோல் நிறுவனத்தார் செய்தது. 3 தொன் பாரம் சுமக்கும். ஆறு உருளைகளும் 72 குதிரைவலுவும் கொண்ட பெற்றோல் இயந்திரம். போர்க்காலத்தில் அந்நிறுவனத்தார் ஏறத்தாழ 2½ இலட்சம் பெட்போட் ஊர்திகளைச் செய்தனர். அவற்றுள் ஒன்று, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து வெள்ளவத்தைக் கடைகளுக்கு அரிசியும் வெங்காயமும் சுமந்து எங்கள் குடும்பத்தைக் காத்தது. என் தந்தையார் படித்ததும் அதன் உழைப்பினாலேதான்.

1983 ஆடியில் எங்கள் குடும்பம் அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறை சேர்ந்தது. எனக்கு அப்பொழுது மூன்று வயது. பாட்டனார் அதன்பின் கொழும்பைக் காணாமலே கண்மூடினார். லொறியோ எரியவில்லை. அதனைப் பழுதுபார்த்துவந்த கொட்டாஞ்சேனைச் சிங்களப் பாஸ் ஒருவர், ஓரிரவிலே சக்கரங்களைக் கழற்றி மரக்கட்டைகளின்மேல் நிறுத்திவிட்டார். யாருடையதென்று வந்து கேட்டவர்களுக்கு, “என்னுடையதுதான், ஓடாத இரும்பு” என்றாராம்.

பின்னர்த் தந்தையார் வெள்ளவத்தையிற் குடியேறினார். லொறியைச் சென்று பார்ப்பார், துடைப்பார், திரும்புவார். ஓட்டியதில்லை. 2019இல் அவர் மறைந்தபின் அது என் பொறுப்பாயிற்று. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய ஊர்திகளுக்கெல்லாம் விலையேறிற்று. தரகர் ஒருவர் என் ஈராண்டுச் சம்பளத்துக்கு மேலான தொகையொன்றைச் சொன்னார். மகளின் மேற்படிப்பை எண்ணி ஒருவாரம் உறக்கமின்றிக் கிடந்தேன். விற்பதாகவே முடிவுசெய்து, சொல்லிவரக் கொட்டாஞ்சேனைக்குச் சென்றேன். அங்கே அப்பாஸின் மகன், இப்போது அவரும் நரைத்த பாஸ், “சேர், அப்பா இதை முப்பது வருசம் வாடகை வாங்காமல் வைத்திருந்தார்” என்று மட்டும் சொன்னார். விற்கும் பேச்சு என் நாவில் எழவில்லை.

வேலை தொடங்கிற்று. இயந்திரம் இறுகிக் கிடந்தது. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி ஒவ்வோர் உருளையிலும் டீசலும் எண்ணெயும் கலந்து வார்த்தோம். நாள்தோறும் கைப்பிடியைப் பூட்டி மெல்ல அசைத்துப் பார்த்தோம். பதினோராம் நாள் அரைச்சுற்றுச் சுழன்றது. பெற்றோல் தாங்கியின் துருவைக் களைய ஒருமாதம் சென்றது. பஞ்சிகாவத்தைக் கடைகளில் அகப்பட்ட உறுப்புக்கள் சில. அகப்படாதவற்றைப் பாஸ் தாமே கடைந்தார். 2022இற் பெற்றோலுக்கே நாடு வரிசையில் நின்றபோது, எங்கள் வேலையும் நின்றது.

மீண்டும் தொடங்கியபோது வண்ணம் சுரண்டினோம். மேலே தந்தையார் பூசிய சாம்பல்; அதன்கீழ்ப் பாட்டனாரின் நீலம்; அடியிலே படையின் பச்சை. பழைய ஊர்திகளைப் பேணும் அன்பர் ஒருவர் அதனைக் கண்டு மகிழ்ந்து, “மூலநிறம் பச்சை, அதையே பூசுங்கள். பழைய ஏட்டின் பாடமே சிறந்ததென்று நீங்கள்தாமே கற்பிக்கிறீர்கள்?” என்றார்.

அவர் வினா என்னை வாட்டியது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்ததையும், செல்லரித்த ஏடுகளோடு அவர் பட்ட பாட்டையும் வகுப்பிலே சொல்பவன் நான். பதிப்பாசிரியன் தன் விருப்பத்தை மூலத்தில் ஏற்றலாகாது என்பதும் நான் சொல்வதே. அவ்வாறாயின் பச்சையன்றோ முறை?

வீட்டிற்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பச்சை வேண்டாம், தம்பி. பச்சை லொறி வாசலிலை வந்து நிண்டால் இப்பவும் எனக்கு நெஞ்சு பதறும். மாமா அதை நீலமாத்தானே வைச்சிருந்தவர்” என்றார்.

அப்பொழுதுதான் ஐயம் தெளிந்தது. ஏட்டைத் திருத்துமுன், எந்நூலைப் பதிப்பிக்கிறோம் என்பதைத் துணிதல் வேண்டும். பச்சை லொறி 2½ இலட்சத்துள் ஒன்று. அதனைச் செய்தது போர். நீல லொறி ஒன்றே. அதனை ஆக்கியவர் பாட்டனார். போருக்கென்று வார்த்த இரும்பைச் சோற்றுக்கென்று திருப்பியவர் அவர். நான் பதிப்பிக்க வேண்டியது அந்நூலையே. எனினும் பழைய பாடத்தை மறைத்தலும் நேர்மையன்று. ஆதலால், கதவின் உட்புறத்தில் உள்ளங்கையளவு பச்சையை அடிக்குறிப்புப்போல் விட்டுவைத்தோம்.

2024 மார்கழியில் ஒரு ஞாயிறு அதிகாலை, பாஸ் ஓட்ட, அம்மா அவரருகே அமர, நான் பின்தட்டில் நிற்க, கொட்டாஞ்சேனையிலிருந்து காலி வீதி வழியே வெள்ளவத்தைக்கு வந்தோம். பாஸ் கூலி வாங்க மறுத்தார். “அப்பா கழற்றிய சக்கரத்தை நான் பூட்டினேன், அவ்வளவுதான்” என்றார். அம்மா இறங்கும்போது கதவை இருமுறை தட்டிவிட்டு இறங்கினார். பாட்டனாரின் வழக்கம் அது என்று பின்னர்ச் சொன்னார்.

மாணவர்காள், முன்னோர் விட்டுச்சென்றவை உங்கள் கைக்கும் வரும். அவை நிலமாகலாம், நூலாகலாம், இக்கல்லூரியே ஆகலாம். புதுக்குமுன் சுரண்டிப் பாருங்கள். எந்நிறம் எவர் உழைப்பால் வந்ததென்று அறிந்து பூசுங்கள். அதைக் காத்துத்தந்தவர் வேற்று மொழியினராயின், அவர் பெயரையும் மறவாதீர்கள்.