வெண்டைக்காய் மேல் முட்டை... உத்வாடா வீடுகளின் ஒரே வாணலி காலை உணவு!

மும்பையிலிருந்து சூரத் செல்லும் ரயில், குஜராத் எல்லைக்குள் நுழைந்ததும் சஞ்ஜான் வருகிறது. அடுத்து, தொழிற்சாலைகள் நிறைந்த வாபி. அதையும் தாண்டினால் உத்வாடா. எல்லா ரயில்களும் நிற்காத சின்ன ஸ்டேஷன். அங்கிருந்து ஆட்டோ பிடித்துச் சில கிலோமீட்டர் போனால், அரபிக்கடல் ஓரத்தில் அமைதியான ஒரு கிராமம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் இரானிலிருந்து கடல் கடந்து வந்த பார்சிகளுக்கு உத்வாடாதான் புனிதத் தலம். அவர்கள் அணையாமல் காத்துவரும் 'இரான்ஷா' நெருப்பு, 1742-ம் ஆண்டிலிருந்து இங்கேதான் இருக்கிறது. கோயிலுக்குள் பார்சிகளைத் தவிர மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. ஆனால், தெருக்களில் யாரும் நடக்கலாம். நடந்தால் நம்ம ஊர் ஞாபகம் வரும்!

வீட்டு முன்னால் திண்ணை. வாசலில் சுண்ணாம்புப் பொடியில் கோலம். நிலைப்படியில் தோரணம். நல்ல காரியங்களுக்கு முட்டையைத் தலையைச் சுற்றி உடைக்கும் 'அச்சு மிச்சு' சடங்கும் உண்டு. திருஷ்டி சுற்றிப் போடும் நமக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வித்தியாசம்... இங்கே பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. 2001 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 69,601 பேராக இருந்த பார்சிகள், 2011-ல் 57,264 ஆகக் குறைந்துவிட்டார்கள்.

எதன் மேலும் முட்டை!

பார்சிகளின் காலை உணவில் முட்டைக்குத்தான் முதல் மரியாதை. அதில் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. பெயர், 'பர் ஈடு'. 'முட்டை மேலே' என்று அர்த்தம். தக்காளி மேல் முட்டை, வெண்டைக்காய் மேல் முட்டை, கீரை மேல் முட்டை, உருளைக்கிழங்கு மேல் முட்டை... ஏன், சிப்ஸ் மேல்கூட முட்டை உண்டு.

வெளிநாட்டு சமையல் வீடியோக்களில் 'பிரேக்ஃபாஸ்ட் கேஸரோல்' என்று காய்கறி, முட்டை, சீஸ் எல்லாம் சேர்த்து அவனில் வைத்து எடுப்பார்களே... கிட்டத்தட்ட அதேதான். நமக்கு கேஸரோல் என்றால் சப்பாத்தி வைக்கும் ஹாட்பாக்ஸ்தான் நினைவுக்கு வரும். அவன் இல்லாத வீட்டிலும், ஒரு வாணலியும் மூடியும் இருந்தால் பார்சிகளின் 'பர் ஈடு' தயார்.

பாலில் கலந்த சர்க்கரை

பார்சிகள் வந்து இறங்கிய கதை ஒன்றைச் சொல்வார்கள். 'எங்கள் நாட்டில் இடமில்லை' என்பதைக் காட்ட, சஞ்ஜான் பகுதி அரசர் விளிம்பு வரை பால் நிரம்பிய பாத்திரத்தை அனுப்பினாராம். வந்தவர்கள் ஒரு துளிகூடச் சிந்தாமல் அதில் சர்க்கரையைக் கரைத்துத் திருப்பி அனுப்பினார்களாம். 'இப்படித்தான் கலந்திருப்போம்' என்பது அதன் பொருள்.

இன்று நம் வீடுகளில் 'சர்க்கரை' என்றாலே வேறு அர்த்தம். இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு சொன்னது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 'சுகர்' என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் இரண்டு சமையல். பிள்ளைகளுக்கு நெய் ரோஸ்ட். சுகர் இருப்பவருக்கு மட்டும் ஓரமாக ஒரு கிண்ணம். அவர் விட்டுக்கொடுப்பது இட்லியை மட்டுமல்ல, எல்லோரும் சாப்பிடுவதைத் தானும் சாப்பிடும் சந்தோஷத்தையும்தான்.

அந்த இடத்தில்தான் 'பர் ஈடு' கைகொடுக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. மாவுச்சத்து 1 கிராமுக்கும் குறைவு. 100 கிராம் வெண்டைக்காயில் மாவுச்சத்து சுமார் 7 கிராம். அதில் 3 கிராம் நார்ச்சத்து. அதே அளவு உருளைக்கிழங்கில் மாவுச்சத்து சுமார் 17 கிராம். ஆக, முட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. வெண்டைக்காய், தக்காளி, கீரை என்றால் குறைவு. உருளைக்கிழங்கு, சிப்ஸ் என்றால் எகிறிவிடும். இன்னொன்று, பார்சி வீடுகளில் இதற்குத் தொட்டுக்கொள்ள பாவ் வைப்பார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், சுகர் இருப்பவர்கள் தவிர்க்கலாம். வாணலி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்!

செய்வது எப்படி? (4 பேருக்கு)

தேவையானவை: வெண்டைக்காய் - கால் கிலோ, பெரிய வெங்காயம் - 2, தக்காளி - 1, பச்சைமிளகாய் - 2, இஞ்சி பூண்டு விழுது - ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் - தலா அரை டீஸ்பூன், முட்டை - 6, எண்ணெய் - 2 டேபிள்ஸ்பூன், கொத்தமல்லித்தழை, உப்பு - தேவைக்கு.

வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வட்டமாக நறுக்கவும். பாதி எண்ணெயில் வழவழப்பு நீங்கும் வரை வதக்கித் தனியே வைக்கவும். மீதி எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, பச்சைமிளகாய், தூள் வகைகள், தக்காளியை வதக்கி, வெண்டைக்காயையும் உப்பையும் சேர்க்கவும். அகலமாகப் பரப்பி, கரண்டியின் பின்பக்கத்தால் ஆறு குழிகள் செய்து, குழிக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றவும். ஓரத்தில் 2 டீஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி, சிறுதீயில் 5 முதல் 7 நிமிடங்கள். வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் நன்றாக வெந்ததும் கொத்தமல்லி தூவி, வாணலியோடு மேசைக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்... சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கக்கூடும். டாக்டரிடம் பேசிவிட்டே தொடங்கவும். சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்களும் அப்படியே.

உத்வாடா போக நினைப்பவர்களுக்குக் குளிர்காலம் நல்ல நேரம். பார்சி சாப்பாடு கிடைக்கும் பழைய விடுதிகள் சில உண்டு. முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பூட்டிய வீடுகளைக் கடந்து போகும்போது, ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வரும். அந்த வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் ஒரு நிம்மதி பிறக்கும்.