காலை அகட்டு

பள்ளி சாஃப்ட்பால் அணியில் சேர்ந்த மகள், தோள் வலிக்கிறது என்றாள். வயது பதினொன்று. காட்டூரில் எங்கள் வீட்டையொட்டிய காலி மனையில் அவளை எறியச் சொல்லிப் பார்த்தேன். கால்கள் ஒட்டியிருக்க, முழங்கை விலாவை விட்டு விலகாமல், கையால் மட்டும் எறிந்தாள். ‘பொம்பளப் புள்ள, காலைச் சேர்த்து வை’ என்று என் அம்மா எனக்குச் சொன்னதை நானும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

1980இல் அமெரிக்கத் தத்துவவியலாளர் ஐரிஸ் மரியன் யங், ‘பெண்ணைப் போல எறிதல்’ என்ற கட்டுரையில் இதைப் பேசினார். சிக்கல் கையின் பலத்தில் இல்லை. முழு உடம்பையும் எறிதலுக்குள் கொண்டுவரப் பெண் பழக்கப்படவில்லை என்பதே.

பேஸ்பால் பந்தெறிபவர்களின் பயிற்சியும் காலிலிருந்தே தொடங்குகிறது. வலக்கையால் எறிபவர் இடக்காலை முன்னே எட்டி ஊன்ற வேண்டும். முதலில் இடுப்பு திரும்பும். பிறகு நெஞ்சு, தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. பந்து விடுபட்ட பின்னும் கை உடம்பின் குறுக்கே இறங்கித்தான் ஓய வேண்டும். கால் செய்யாத வேலையைத் தோள் சுமக்கிறது. ஓய்வும் பயிற்சிதான்: அமெரிக்கச் சிறார் பேஸ்பால் லீக்கில் இவள் வயதுக்கு ஆட்டத்தில் ஒரு நாளைய வரம்பு 85 பந்துகள்.

தினைப்புனம் காத்த வள்ளியின் கவணை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதைச் சுழற்ற அவள் எப்படி நின்றிருப்பாள் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை.

வலி தீரும்வரை மகள் பந்தைத் தொடவில்லை. பிறகு பத்தடி தூரத்தில், மெதுவாக, மறுபடி ஆரம்பித்தோம். எதிர்மாடியில் இருவர் நின்று பார்த்தார்கள். அவள் கால்கள் தானாக ஒட்டிக்கொண்டன.

“காலை அகட்டுடி” என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.