தங்கச்சி கையெழுத்து எங்கே?

முதன்முதலாக வீடு வாங்குபவர்கள் வீட்டை நன்றாகவே பார்க்கிறார்கள். தண்ணீர் உப்பா, மழைக்குத் தெரு மூழ்குமா, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எதையும் விடுவதில்லை. வீட்டை விற்கும் குடும்பத்தைப் பார்ப்பதுதான் விட்டுப்போகிறது.

சென்னைப் புறநகரில் ஒரு பழைய தனி வீடு. விலை 60 லட்சம். வாங்க வந்த கணவனும் மனைவியும் 12 வருடம் வாடகை வீட்டில் இருந்தவர்கள். விற்பவர்கள் அண்ணன், தம்பி. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமலே அவர் காலமாகிவிட்டார்.

“ஈ.சி. சுத்தமா இருக்கு சார். இன்னும் ரெண்டு பார்ட்டி கேட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க” என்றார் புரோக்கர்.

கணவர் செக் புத்தகத்தை எடுத்துவிட்டார். மனைவிதான் கேட்டார்: “பட்டா இன்னும் அப்பா பேர்லயே இருக்கே, வாரிசு சான்றிதழ் வாங்கியிருக்கீங்களா?”

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் நான்கு பெயர்கள்: அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள்.

“தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சும்மா. அவ ஒண்ணும் கேட்க மாட்டா” என்றார் அண்ணன்.

கேட்கமாட்டார் என்பது அண்ணனின் நம்பிக்கை. சட்டம் வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. கல்யாணத்தில் போட்ட நகை மகளின் பங்கைக் கரைத்துவிடாது. அவர் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், நாளை பாகப்பிரிவினை வழக்கு வரலாம். வழக்கு நடந்தாலும் வங்கி மாதத் தவணையை நிறுத்தாது.

வில்லங்கச் சான்றிதழில் இது தெரியாது. பதிவான பத்திரங்களை மட்டுமே அது காட்டும். யார் இறந்தார், யார் வாரிசு என்பது அதில் வராது.

மனைவி பிடிவாதமாக நின்றதால், மதுரையிலிருந்த தங்கைக்குப் போன் போனது. வீடு விற்பனைக்கு வந்ததே அவருக்கு அப்போதுதான் தெரியும். தன் பங்கைக் கேட்டார். அண்ணன்களுக்குக் கோபம். பேசி முடிக்க நான்கு மாதம் ஆனது. வாங்குபவர்கள் நான்கு மாத வாடகையைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கிரயப் பத்திரத்தில் அம்மா, தங்கை உட்பட நான்கு பேரும் கையெழுத்திட்டார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

* மூலப்பத்திரத்திலிருந்து இன்று வரை சொத்து யார் யார் கைக்கு வந்தது? 30 வருட வில்லங்கத்தோடு ஒப்பிட்டு வக்கீலிடம் காட்டுங்கள்.

* உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசு சான்றிதழும் வேண்டும். பங்கு வேண்டாம் என்பவர் வாயால் சொன்னால் போதாது. விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும்.

* வாரிசுகளில் மைனர் உண்டா? இருந்தால், அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம்.

* பவர் வாங்கியவர் விற்கிறாரா? பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது. அவரை நேரில் பாருங்கள்.

* அசல் பத்திரம் எங்கே? ஜெராக்ஸை மட்டும் நம்பாதீர்கள். அசல் வேறெங்காவது அடமானத்தில் இருக்கலாம்.

அடுத்தது பணக் கணக்கு. 60 லட்ச வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம் தரலாம். மீதி 12 லட்சம் கையில் வேண்டும். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம். 60 லட்சத்துக்கு 5.40 லட்சம். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் நகையை அடகு வைக்கிறார்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவதும் வாங்குபவர் பொறுப்புதான்.

புரோக்கர் சொல்லும் அந்த ‘இன்னும் ரெண்டு பார்ட்டி’ நிஜமாகவே இருக்கலாம். அவர்கள் வாங்கிக்கொண்டு போனால் போகட்டும். வேறு வீடு கிடைக்கும். ஒரு கையெழுத்து குறைந்த பத்திரத்துக்குக் கொடுத்த பணம் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.