கால் இறாத்தல் குண்டு

பொகவந்தலாவையில் மழை பிடித்தால் விடாது என்பது எங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரண்டும் இல்லை. வாசிப்பு வட்டத்துக்கு வந்த ஏழு பேரும் புத்தகத்தை மூடிவிட்டு, பிளேன்டீயோடு கதைக்க உட்கார்ந்தோம். கதை எப்படியோ பப்ஜிக்குப் போனது. எங்களில் சின்னவனுக்கு 7.62, 5.56 எல்லாம் தண்ணிபட்ட பாடு. எந்தத் துவக்குக்கு எந்த ரவை, எத்தனை அடியில் ஆள் விழுவான் என்று ஒப்புவிப்பான்.

"சரிடா, ஆனைக்கு எது போதும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவன் முழித்தான். விளையாட்டில் யானை இல்லை.

அப்போதுதான் எங்களில் ஒருவன் தன் தாத்தா சொன்னதைச் சொன்னான். அவர் சின்ன வயதில் பங்களாவில் வேலை செய்தாராம். அங்கே "ஆனைத் துவக்கு" ஒன்று சுவரில் தொங்குமாம். "அதைத் தொடைக்க எறக்குறப்ப ரெண்டு பேரு புடிக்கணும்டா" என்பாராம். நாங்கள் சிரித்தோம். தாத்தாமார் கதையில் எல்லாமே கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கும்.

பிறகு தேடிப் பார்த்தோம். தாத்தா அவ்வளவு பெரிதாகப் பொய் சொல்லவில்லை.

இந்த மலைநாட்டில் யானைத் துவக்கைப் பற்றி அதிகம் எழுதியவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் ஆப்பிரிக்காவில் அல்பர்ட் ஏரியை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்திய அதே பேக்கர்தான். 1848 இல் நுவரெலியாவில் பண்ணை போட்டுக் குடியேறினார். 1850களின் முதற்பாதியில் இலங்கை வேட்டையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தன் துவக்குகளை அதில் கணக்கோடு சொல்கிறார்: நான்கு அவுன்ஸ் குண்டு போடும் ஒற்றைக் குழல் ரைபிள் ஒன்று, எடை 21 இறாத்தல், இரண்டு அவுன்ஸ் குண்டு போடும் நீண்ட ஒற்றைக் குழல் ஒன்று, 16 இறாத்தல், பத்தாம் நம்பர் இரட்டைக் குழல் ரைபிள்கள் நான்கு.

பத்தாம் நம்பர் என்றால் என்ன? இங்கேதான் எங்களுக்குப் பாண் கைகொடுத்தது. கடையில் ஒரு இறாத்தல் பாண், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று இன்னும் கேட்கிறோம் இல்லையா? பழைய துவக்குக் கணக்கும் அதே இறாத்தல்தான். ஒரு இறாத்தல் ஈயத்தை எடுத்து, குழல் வாய்க்குச் சரியாகப் பொருந்தும்படி சம உருண்டைகளாகப் பிடித்தால் எத்தனை வரும் என்பதுதான் அந்தத் துவக்கின் 'போர்' நம்பர். பன்னிரண்டு வந்தால் 12 போர். பத்து வந்தால் 10 போர். நான்கே வந்தால் 4 போர். அதாவது ஒவ்வொரு குண்டும் கால் இறாத்தல், 113 கிராம். அதன் வாய் அகலம் ஓர் அங்குலத்துக்கும் சற்று மேல். நம்பர் குறையக் குறைய குண்டு பெரிசு. இது தெரியாமல் இவ்வளவு நாளும் 12 போர்தான் பெரியது என்று நினைத்திருந்தோம்.

ஏன் இவ்வளவு பெரிய குண்டு? அந்தக் காலத்தில் கரிமருந்துதான். எவ்வளவு அள்ளிப் போட்டாலும் குண்டின் வேகம் நொடிக்கு நானூறு, நானூற்றைம்பது மீட்டரைத் தாண்டுவது கஷ்டம். ஈயமோ மெத்தென்றது, எலும்பில் பட்டால் சப்பையாகிவிடும். வெள்ளீயம் கலந்து கெட்டியாக்குவார்கள், அதற்கும் ஓர் எல்லை உண்டு. வேகத்தைக் கூட்ட வழியில்லை என்றால் மிஞ்சுவது எடை ஒன்றுதான். யானையின் மண்டை பார்க்கத்தான் பெரிசு. உள்ளே தேன்கூடு மாதிரி காற்றறைகள் நிறைந்த எலும்பு. மூளை அதற்குப் பின்னால் சின்னதாக ஒதுங்கியிருக்கும். அவ்வளவையும் துளைத்துப் போக வேண்டும்.

சிறிய துவக்கோடு போனால் என்ன ஆகும் என்பதற்குப் பேக்கரே ஒரு கதை சொல்கிறார். மின்னேரியாவில் எருமை வேட்டை. காயம்பட்ட எருமை எதிரே நிற்கிறது, குண்டுகள் தீர்ந்துவிட்டன. சட்டைப் பையில் இருந்த சில்லறைக் காசுகளைத் துணியில் சுற்றி, மருந்தை இரட்டிப்பாகப் போட்டு, குழலுக்குள் இடித்து இறக்கிச் சுட்டாராம். எருமை தடுமாறி விழுந்த அந்த இடைவெளியில் உயிர் தப்பினார். இப்படி ஒரு நாளைக் கண்டவர் பெரிய குண்டைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் எங்களுக்கு உறைத்தது வேறு ஒன்று. குண்டு பெரிசானால் பின்னுதைப்பும் பெரிசு. சுடுகிறவனின் தோள் அதைத் தாங்க வேண்டுமானால் துவக்கு கனமாக இருக்க வேண்டும். அதனால்தான் 21 இறாத்தல். சுடுகிறவரின் தோளைக் காப்பாற்றிய அந்தக் கனம் யாருடைய தோளில் ஏறியது?

அது முன்வாய் வழியே மருந்து இடிக்கும் காலம். ஒருமுறை சுட்டால் மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். யானை அதுவரை காத்திருக்காது. அதனால் ஒரு துவக்கு போதாது, நான்கு ஆறு என்று வேண்டும். சுட்டதை நீட்டினால் நிரப்பியதைக் கையில் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் வேட்டைக்காரனுக்குப் பின்னால், பத்தடி இருபதடியில், நிரப்பிய துவக்கோடு நிற்க வேண்டும். யானை பாய்ந்து வரும்போதும் ஓடக் கூடாது. கையில் துவக்கு இருந்தும் சுடக் கூடாது. அது துரையின் அடுத்த வேட்டு.

நாங்கள் ஒரு வேலை செய்தோம். ஒன்பதரைக் கிலோ அரிசியைச் சாக்கில் கட்டி, அதுதான் பேக்கரின் பெரிய துவக்கு என்று வைத்துக்கொண்டு, ரோட்டிலிருந்து மேல் மலை லயம் வரை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஏறினோம். பப்ஜிக்காரன் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த வழியாக வந்த ஓர் அக்கா, "என்னடா இது, இதைத் தூக்க நாலு பேரா? நாங்க கொழுந்து தூக்குறது தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான். பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ கேட்கிறார்கள், குறைந்தால் அரைப்பேர். பேக்கரின் இரண்டு ஒற்றைக் குழல்களும் சேர்ந்து 37 இறாத்தல், கிட்டத்தட்ட 17 கிலோ. இந்த மலையில் கனம் எப்போதும் ஒரே பக்கத்துத் தோளில்தான் ஏறியிருக்கிறது.

எதற்காக அவ்வளவு யானைகளைச் சுட்டார்கள்? விளையாட்டு என்பது ஒரு பாதி பதில். மேஜர் ரோஜர்ஸ் என்ற அதிகாரி 1,400க்கு மேல் சுட்டதாக எமர்சன் டெனன்ட் தன் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து ரோஜர்ஸ் செத்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. மற்றப் பாதி, அரசாங்கம் தலைக்குச் சில ஷில்லிங் என்று வெகுமதி கொடுத்தது. அதே டெனன்ட் தரும் கணக்கு: வடக்கில் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் 3,500க்கு மேல், தெற்கில் 1851க்கும் 1856க்கும் இடையில் 2,000. இந்த இரண்டு கணக்கிலும் வெகுமதி வாங்கியவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். அவர்களிடம் பிரிஸ்டலில் செய்த நான்கு அவுன்ஸ் ரைபிள் இருந்திருக்காது.

அந்த வருடங்கள்தான் கோப்பி வருடங்கள். காடு அழிந்து கோப்பி ஏறிய காலம். எங்கள் முன்னோர் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்து, வழியில் பாதிப் பேரைப் பறிகொடுத்த கதையை வீட்டில் கேட்டிருப்பீர்கள். யானையை வெளியேற்றிய கையும் எங்களை உள்ளே கொண்டுவந்த கையும் ஒன்றுதான். அதனால் இந்தக் கதையில் நாங்கள் யார் பக்கம் என்று எங்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. காட்டை வெட்டியது எங்கள் ஆட்களின் கத்தி. வெட்டச் சொன்னது வேறு வாய்.

பேக்கர் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது அரை இறாத்தல் குண்டு போடும் துவக்கு ஒன்றைக் கொண்டுபோனார். செல்லப் பெயர் 'பேபி'. அங்கிருந்த அரபிகள் அதைப் பீரங்கியின் பிள்ளை என்றார்களாம். சுடும்போதெல்லாம் ஆளைச் சுழற்றிவிடும். அதோடு இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டார்: இலங்கை யானைக்குச் சரிவந்த நெற்றி வேட்டு ஆப்பிரிக்க யானைக்குச் சரிவரவில்லை. தலையின் அமைப்பே வேறு.

1890களின் கடைசியில் எல்லாம் மாறியது. கோர்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. 1898 இல் ரிக்பி கொம்பனியின் .450 வந்தது, குண்டு 31 கிராம்தான், வேகம் நொடிக்கு 650 மீட்டர். ஈயத்துக்கு மேல் கெட்டி உலோக உறை. கால் இறாத்தல் குண்டு செய்ததை அதன் கால்வாசி எடை செய்துவிட்டது. அதற்குப் பிறகு .470, .416, .375 என்று வரிசை. வேட்டைக்காரர்கள் எது சரி என்று சண்டை பிடித்தார்கள், இன்னும் பிடிக்கிறார்கள்.

அந்தச் சண்டையில் எப்போதும் வரும் பெயர் டபிள்யு. டி. எம். பெல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட ஸ்கொட்லாந்துக்காரர். அவற்றில் பெரும்பாலானவற்றை 11 கிராம் குண்டு போடும் .275 போன்ற சிறிய ரைபிள்களால்தான் சுட்டார். யானை மண்டையை வாளால் அறுத்துப் பார்த்து, மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்தவர் அவர். குண்டின் பருமனை விட அது போய்ச் சேரும் இடம்தான் முக்கியம் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களும் சும்மா இல்லை: எல்லாரும் பெல் இல்லை, கை நடுங்குகிறவனுக்குப் பெரிய குண்டுதான் காப்பு, காயத்தோடு ஓடிய யானை அடுத்து வருகிற ஆளைக் கொல்லும் என்றார்கள்.

இரண்டு கட்சியையும் கேட்டபிறகு எங்களுக்கு ஒன்று புரிந்தது. துவக்கின் நம்பரைப் பற்றிய அந்தச் சண்டையின் அடியில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. கொல்லப்போகிறாய் என்றால், அந்த உயிர் உடனே போகுமா, அல்லது மூன்று நாள் இழுத்துச் சாகுமா? அதற்கு யார் பொறுப்பு? எத்தனையோ கொடுமை செய்த அந்த வேட்டைக்காரர்களும், தாங்கள் எதைச் சுட்டோம் என்று பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் கூட்டம் அமைதியானது. ஏனென்றால் எங்களில் ஒருவனின் மாமா பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைப்பவர்.

அவர் கெட்டவர் இல்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். கிழங்கும் லீக்சும் போடுவார். தோட்டச் சம்பளம் போதாத மாதங்களில் அந்தத் துண்டுதான் பிள்ளைகளின் பாடசாலைச் செலவு. பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் மூன்று மாத உழைப்பு போச்சு. துவக்கு வாங்க அவருக்கு லைசனும் இல்லை, காசும் இல்லை. பழைய பைக்கின் பிரேக் கேபிள் இருக்கிறது. அவ்வளவுதான் அவருடைய காலிபர்.

ஆனால் கம்பிக்குக் கண் இல்லை. பன்றியா, மரையா, புலியா என்று அது பார்க்காது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டியது நினைவிருக்கும். உயிரோடு மீட்டு உடவலவைக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தில் இறுகிய காயம். சில நாளில் செத்துப்போனது. பேக்கரின் கால் இறாத்தல் குண்டுக்கு ஒரு நிமிடம். அந்தக் கம்பிக்கு எத்தனையோ நாள். வைத்தவர் அப்போது பக்கத்தில் இல்லை. அதுதான் சுருக்கின் வசதி, அதுதான் அதன் கொடுமை.

மாமாவிடம் போய்ப் பேசினோம். பேக்கர், பெல், பாண் கணக்கு எல்லாம் சொன்னோம். கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்: "தொரமாரு சுட்டா வேட்டை, புஸ்தகம். நாங்க கம்பி கட்டினா பொலிஸ். சரி, அதை விடு. பன்னிக்கு என்ன செய்யச் சொல்றீங்க? அதைச் சொல்லுங்க மொதல்ல."

எங்களிடம் பதில் இல்லை. இருந்தாலும் அடுத்த வாரம் அவர் இரண்டு கம்பிகளைக் கழற்றிக் கொடுத்தார். மூன்றாவது இன்னும் இருக்கிறதோ என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. பழைய கூரைத் தகரத்தை நெருக்கமாக நட்டு, வலையைக் கட்டி, ஒரு வேலி போட நாங்கள் ஏழு பேரும் இரண்டு சனிக்கிழமை போனோம். வேலி போட்டபிறகு பன்றி ஒருமுறை வந்தது. ஒரு மூலையைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. மறுபடி கட்டினோம். கல் வைத்து அணைத்தோம்.

இதை வாசிக்கிறவர்களில் பலரும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். உங்கள் பக்கத்தில் கம்பி இல்லாமல் பன்றியைத் தடுக்கும் வழி ஏதாவது நடைமுறையில் இருந்தால் எழுதி அனுப்புங்கள். தகரமோ, முள்ளோ, வேறு எதுவோ. எவ்வளவு செலவு, எத்தனை போகம் தாங்கியது என்றும் சேர்த்து எழுதுங்கள். மாமா கேட்ட கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.